அப்துல் கரீம் கானும் நாமும்

நம் கல்லூரி மலரில் சங்கீதத்தைப் பற்றி எழுதப் புகுவோர் திருவையாற்று உத்ஸவத்தைப் பற்றியோ, தேவாரப் பண்களைப் பற்றியோ எழுதுதல் வழக்கம். யாம் இம்முறை ஒரு வடநாட்டுப் பாடகரை எடுத்துக்கொண்டோம். "பள்ளிபாளையத்துக்கும் ஹிந்துஸ்தானி சங்கீதத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று நண்பர் சிலர் முன்கூட்டியே வினவிவிட்டனர். காவிரியின் இக்கரையில் விசைத்தறியின் ஓசையே யாம் இரவும் பகலும் கேட்கும் தாளம். அக்கரை ஈரோட்டிலிருந்து கச்சேரி கேட்டுத் திரும்புவோரும் பாலம் கடந்ததும் அத்தாளத்துக்குள்ளேதான் வந்து புகவேண்டும். ஆகவே நண்பர் வினா நியாயமானதே. அதற்குரிய விடையை இக்கட்டுரை முழுவதிலும் பரவவிட்டிருக்கிறோம்; ஓரிடத்தில் தேடினால் அகப்படாது.

யாம் குறிப்பிடும் பாடகர் உஸ்தாத் அப்துல் கரீம் கான். 1872ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் தேதி, இன்றைய உத்தரப் பிரதேசத்தின் மேற்குப் பகுதியிலுள்ள கைரானா என்னும் சிற்றூரில் பிறந்தவர். கிரானா என்றும் அவ்வூரை வழங்குவர். அவர் பாடிய பாணிக்கு அவ்வூர்ப் பெயரே நிலைத்துவிட்டது. நாம் 'பாணி' என்றும் 'பரம்பரை' என்றும் சொல்வதை அவர்கள் 'கரானா' என்பர். தந்தை காலே கானிடமும், சிற்றப்பன்மார் முறையிலுள்ள உறவினரிடமும் பயின்றார். ஸாரங்கியும் பீன் என்னும் வட இந்திய வீணையும் வாசிக்கவல்லவர். இளமையில் பரோடா ஸமஸ்தானத்தில் பாடகராக அமர்ந்தார். அங்கே அரண்மனைத் தொடர்புடைய மராட்டியக் குடும்பத்துப் பெண்ணாகிய தாராபாய் மானேயை விரும்பி, இருவரும் பரோடாவை விட்டே வெளியேற நேர்ந்தது. பின்னர்ப் பம்பாய், பூனா, மிரஜ் என மராட்டிய நாட்டிலேயே அவர் வாழ்வு வேரூன்றிற்று. 1913இல் பூனாவில் 'ஆரிய ஸங்கீத வித்யாலயம்' என்னும் பள்ளியை நிறுவினார். மாணாக்கர்க்கு உணவும் உறையுளும் தந்து, கச்சேரி வரும்படியைக் கொண்டு அதனை நடத்தினார். ஓர் இஸ்லாமியப் பெரியார் தம் பள்ளிக்கு ஆரியப் பெயர் சூட்டியதை இக்காலத்தார் வியப்புடன் நோக்கலாம். அவர் அதனை ஒரு பொருட்டாகக் கருதியதாகத் தெரியவில்லை.

வடநாட்டுப் பாடகர் எத்தனையோ பேர் இருக்க, இவரை யாம் தேர்ந்த காரணம் யாதெனில், தம் காலத்துப் பெரும் வடநாட்டு வித்வான்களுள் இவரைப் போலத் தென்னாட்டுச் சங்கீதத்துக்குச் செவிசாய்த்தவர் அரியர். மைசூர் அரசர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் இவரைப் பலமுறை தம் அரண்மனைக்கு வருவித்து, 'ஸங்கீத ரத்ன' என்னும் விருதும் அளித்தார். கர்நாடக வித்வான்கள் நிறைந்த அம்மன்றத்தில் இவர் பாடியதோடு நில்லாமல், அவர்கள் பாடியதைக் கேட்டும் இருந்தார். சென்னையில் வீணை தனம்மாள் வாசிப்பைக் கேட்டவர்களுள் இவரும் ஒருவர். இவ்வாறு கேட்டதன் பயன் இரண்டு வகையில் வெளிப்பட்டது. முதலாவது, ராக விஸ்தாரத்தின் நடுவே ஸ்வரங்களைப் பெயர் சொல்லிப் பாடும் 'ஸர்கம்' இவர் பாட்டில் பெற்ற இடம். இது நம் கல்பனாஸ்வரத்தைக் கேட்டதன் விளைவென்றே சங்கீத அறிஞர் கூறுவர். இரண்டாவது, 1930களின் நடுவில் ஓடியன் கம்பெனியார் வெளியிட்ட இவருடைய இசைத்தட்டுக்களுள் ஒன்று. தியாகராஜ ஸ்வாமிகளின் 'ராம நீ ஸமானமெவரு' என்னும் கரஹரப்ரியா கிருதியை அதில் பாடியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது. தெலுங்கு அவர் தாய்மொழியன்று. பழகிய மொழியும் அன்று. புகழின் உச்சியில் இருந்த ஒருவர், பிழை நேரின் இரு நாட்டாரும் நகைப்பர் என்று தெரிந்தே, பிறர் சொத்தாகிய ஒரு கிருதியைத் தட்டில் பதிய இசைந்தார். அதைக் கேட்கும் நம்மவர், உச்சரிப்பில் குறை காணலாம். சங்கதிகள் நம் பாடாந்தரப்படி இல்லை எனலாம். யாமும் அவ்வாறு முதலில் குறை காணப் புகுந்தவர்களே. நாலைந்து முறை கேட்டபின் குறைகாணும் ஆசை தானே அடங்கிவிடுகிறது.

அவர் பாட்டின் இயல்பைச் சிறிது விரித்துச் சொல்லவேண்டும்; கேளாதவர்க்குச் சொற்களால் உணர்த்துவது கடினம் என்பதை அறிந்தே சொல்லுகிறோம். நம் சங்கீதத்தில் கிருதியே கச்சேரிக்கு முதுகெலும்பு. பல்லவி, அனுபல்லவி, சரணம் என அமைந்த ஸாஹித்யத்தில் ராகத்தின் உருவம் முன்பே வார்க்கப்பட்டிருக்கும். பாடகர் அதனைக் கெடாமல் எடுத்துத் தந்து, அதன்மேல் தம் கற்பனையைச் சேர்ப்பார். ஹிந்துஸ்தானி 'கயால்' அத்தகையதன்று. இரண்டு மூன்று வரிகளே ஸாஹித்யம். மிக மெதுவான தாளத்தில் அவ்வரியைப் பற்றிக்கொண்டு, ஷட்ஜத்தில் தொடங்கி, ஒவ்வொரு ஸ்வரமாக மேலே செல்வார்கள். அடுத்த ஸ்வரத்துக்குப் போகுமுன் இந்த ஸ்வரத்தில் சொல்லவேண்டியதெல்லாம் சொல்லித் தீரவேண்டும். கிரானா பாணியார் இதில் மிகுந்த நிதானமுடையவர். கான் சாகிபின் குரல் மெல்லியது. உச்ச ஸ்தாயியில் சஞ்சரிப்பது. அதிர்ச்சியோ அறைகூவலோ இல்லாதது. நம்மவர் கமகத்தால் அசைத்து அழகுபடுத்தும் ஸ்வரத்தை அவர் அசைவின்றி நிறுத்திக் காட்டுவார். தம்பூரின் நாதத்தோடு அந்த ஸ்வரம் ஒன்றி, எது தந்தி, எது தொண்டை என்று பிரித்தறிய முடியாத நிலை வரும். நல்ல தம்பூர்கள் செய்யும் கைவினைஞருக்குப் பேர்பெற்ற மிரஜில் அவர் குடியேறியது பொருத்தமே.

அவர் ஸ்வர சுத்தத்துக்கு ஒரு புறச்சான்றும் உண்டு. ஸாங்க்லியில் வாழ்ந்த தேவல் என்னும் அறிஞர், ஸ்தாயி ஒன்றுக்கு 22 சுருதிகள் என்னும் பழைய கொள்கையை அளவையால் நிறுவ முயன்றபோது, அளந்தறியப் பயன்பட்டது கான் சாகிபின் குரலே. க்ளெமண்ட்ஸ் என்னும் ஆங்கில அதிகாரியும் அவ்வாராய்ச்சியில் சேர்ந்துகொண்டார். அதே காலத்தில் தஞ்சையில் நம் ஆபிரகாம் பண்டிதர் தமிழ் நூல்களை ஆதாரமாகக் கொண்டு 24 சுருதிகள் என்று வாதித்துக்கொண்டிருந்தார். 1916இல் பரோடாவில் கூடிய அகில இந்திய சங்கீத மகாநாட்டுக்கே சென்று தம் கொள்கையை எடுத்துரைத்தார். மறு ஆண்டு 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. 22ஆ, 24ஆ என்பதில் தீர்ப்புக் கூற யாம் தகுதியுடையோம் அல்லோம். அக்காலத்துத் தஞ்சைக் கிறிஸ்தவர் ஒருவர் பரோடாவுக்கு ரயிலேறி வடநாட்டு வித்வான்களோடு வாதிட்டதையும், கைரானா முஸ்லிம் ஒருவர் தியாகராஜ கிருதியைப் பயின்றதையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, அந்நாளில் ரயில் மெதுவாகச் சென்றபோதிலும் மனிதர் வெகுதூரம் சென்றனர் என்றே எண்ணத் தோன்றுகிறது.

இனி எம் முறையீட்டுக்கு வருவோம். கான் சாகிப் மைசூருக்குப் போகும் வழியில் உள்ளது ஹுப்ளி, தார்வார்ப் பிரதேசம். அங்கே அவர் தங்கினார், பாடினார், கற்பித்தார். அதன் பயன் என்ன? குந்த்கோல் என்னும் ஊரைச் சேர்ந்த ராம்பாவு என்பவர் அவரிடம் பயின்று ஸவாய் கந்தர்வர் என்று புகழ்பெற்றார். அவரிடம் கங்கூபாய் ஹானகல் பயின்றார். கதக்கைச் சேர்ந்த ஒரு சிறுவன், கான் சாகிபின் ஜிஞ்ஜோட்டி ராகத் தும்ரி ஒன்றைத் தட்டில் கேட்டு மதிமயங்கி, 1933இல் பதினோராம் வயதில் குருவைத் தேடி வீட்டைவிட்டே ஓடினான். பல ஊர் அலைந்து முடிவில் ஸவாய் கந்தர்வரையே குருவாக அடைந்தான். அச்சிறுவனே 2008இல் பாரத ரத்தினம் பெற்ற பீம்சேன் ஜோஷி. கன்னடம் பேசும் ஒரு நாட்டுப்புறம், கிரானாப் பாட்டின் இரண்டாம் தாயகமாயிற்று. மைசூரும் சென்னையும் சங்கீதத்தில் தார்வாரைவிடப் பெரிய ஊர்கள். தமிழ்நாட்டார் கான் சாகிபைப் போற்றினர்; கைதட்டினர்; வேறு எவ்வூரும் செய்யாத மரியாதையும் செய்திருக்கலாம். ஆயினும் அவர் பாட்டு இங்கே ஒரு பரம்பரையாக வேர்கொள்ளவில்லை. அவர் நம்மிடமிருந்து ஸ்வரம் பாடும் முறையை எடுத்துச்சென்றார்; ஒரு கிருதியையும் எடுத்துச்சென்றார். நாம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது யாது? ரசித்தோம் என்பதற்குமேல் விடை கூற இயலவில்லை. இது எமக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

நம் முன்னோர் இவ்வாறு இருந்தாரில்லை. முத்துஸ்வாமி தீக்ஷிதர் இளமையில் காசியில் சில ஆண்டு தங்கி, அங்கே கேட்ட ராகங்களை நம் நாட்டுக்குக் கொணர்ந்தார். யமுனாகல்யாணியும், த்விஜாவந்தியும், பிருந்தாவன ஸாரங்காவும் அவ்வழி வந்தவை. இன்று அவற்றை வடநாட்டுச் சரக்கு என்று யாரும் ஒதுக்குவதில்லை. தஞ்சை மராட்டிய மன்னர் அவையில் இருவகைச் சங்கீதமும் ஒலித்தன. அவ்வளவு ஏன்? 1930களிலும் 40களிலும் நம் நாடக மேடையிலும் தமிழ்ப் பேசும்படங்களிலும் வடநாட்டு மெட்டுக்கள் நிரம்பிக் கிடந்தன. நம் பக்கத்துத் திருச்செங்கோட்டினரான டி. ஆர். சுந்தரம் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவிய காலமும் அதுவே. ஆகவே பள்ளிபாளையத்தார் ஹிந்துஸ்தானி ராகத்தை அறியார் என்பது பொருந்தாது. அதன் ஊர் இன்னதென்று அறியாமலே பாடிக்கொண்டிருந்தனர் என்பதே உண்மை.

இதற்கு ஒரு தடையுண்டு. அத்தடையை எழுப்புவோர் எம் மதிப்புக்குரியவர்கள். "தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டுக்கே இடம் கேட்டுப் போராட வேண்டியிருந்தது. 1941இல் அண்ணாமலை நகரில் கூடியதும், 1943இல் தமிழ் இசைச் சங்கம் கண்டதும் அதற்காகவே. இந்நிலையில் இன்னும் ஒரு வேற்றுமொழிச் சங்கீதத்தை ஏன் இழுத்து வருகிறீர்?" என்பர். தமிழிசைக் கிளர்ச்சியின் கோரிக்கை முழுதும் நியாயமானது என்பதே எம் கட்சி. தன் மொழியில் பாட்டுக் கேட்க விரும்பியவனை இழித்துரைத்த காலம் ஒன்று இருந்தது, அது மாறவேண்டியிருந்தது. ஆனால் செவிக்கு அளவிட்ட கொள்ளளவு உண்டு, ஒன்று புகுந்தால் மற்றொன்று வெளியேறும் என்று கொள்வதற்கு என்ன ஆதாரம்? தியாகராஜ கிருதியைப் பயின்றதனால் கான் சாகிப் கிரானாவை இழந்துவிடவில்லை.

எனினும் கலப்பில் இழப்பே இல்லை என்று யாம் வாதிக்க வரவில்லை. கங்கூபாயின் தாயார் அம்பாபாய் கர்நாடக சங்கீதம் பாடியவர்; மகள் ஹிந்துஸ்தானி பயிலத் தொடங்கியதும், மகளின் செவியில் இரண்டும் கலந்துவிடாதிருக்கத் தம் பாட்டையே நிறுத்திக்கொண்டார் என்பர். அத்தாயார் கொடுத்த விலை சிறிதன்று. ஒன்றை முறையாகக் கற்பவர்க்கு அத்தகைய கட்டுப்பாடு வேண்டியிருக்கலாம். கேட்போராகிய நமக்கு அது வேண்டியதில்லை.

கான் சாகிபை மாசற்ற மனிதராகக் காட்டுவதும் எம் நோக்கமன்று. 1922இல் தாராபாய் தம் ஐந்து மக்களோடு அவரைவிட்டுப் பிரிந்தார். மக்கள் தந்தையின் பெயரை விட்டு வேறு பெயர்களாலேயே உலகில் அறியப்பட்டனர்: சுரேஷ்பாபு மானே, ஹீராபாய் பரோடேகர், கிருஷ்ணராவ் மானே, கமலாபாய் பரோடேகர், ஸரஸ்வதி ரானே. இவருள் ஹீராபாய், கௌரவமான குடும்பப் பெண்கள் பொது மேடையில் பாடுவதைச் சமூகம் ஏற்காத காலத்தில், சீட்டு விற்றுக் கச்சேரி செய்து வழி திறந்தார். ஊரார் பிள்ளைகளுக்குச் சோறிட்டுப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர், தம் பிள்ளைகள் பாடி வளர்ந்த பருவத்தில் உடன் இருக்கவில்லை. பிரிவின் காரணங்களைப் பற்றிப் பலவாறு பேசுவர். அதை ஆராய்வதில் எமக்கு விருப்பமில்லை. அவர் பாட்டில் உள்ள சோகத்துக்கு இப்பிரிவே காரணம் என்று சொல்வாரும் உளர். யாம் அதனை அவ்வளவாக நம்புவதில்லை. சோகமில்லாத வாழ்வினரும் ஜோகியா ராகத்தைப் பாடி அழவைத்திருக்கின்றனர்.

அவர் முடிவு நம் நாட்டிலேயே நேர்ந்தது. 1937 அக்டோபரில் சென்னையில் பாடிவிட்டுப் புதுச்சேரியில் பாடுவதற்காக ரயிலேறினார். வழியில் மார்பு வலி கண்டது. செங்கல்பட்டுக்குச் சற்று வடக்கே சிங்கப்பெருமாள் கோயில் என்னும் சிறு ஸ்டேஷனில் இறங்கினர். நடைமேடையில் படுக்கை விரிக்கச் செய்து, தம்பூரைச் சுருதி கூட்டி, தர்பாரி ராகத்தில் இறைவனைத் தொழுது பாடினார் என்றும், பாடிய சிறிது நேரத்தில் உயிர் பிரிந்தது என்றும் சீடர் வழியாக வழங்கிவருகிறது. அன்று அக்டோபர் 27. இன்னும் பதினைந்து நாள் இருந்தால் அறுபத்தைந்து வயது நிறைந்திருக்கும். உடலை மிரஜுக்குக் கொண்டுசென்று, அவர் பக்தியோடு பாடிவந்த க்வாஜா மீராசாகிப் தர்காவின் எல்லைக்குள் அடக்கம் செய்தனர். அங்கே ஆண்டுதோறும் அவர் நினைவாகப் பாடகர் கூடிப் பாடுகின்றனர். சிங்கப்பெருமாள் கோயில் வழியாக நம்மில் எத்தனையோ பேர் சென்னைக்குப் போய்வந்திருக்கிறோம். ரயில் அங்கே நின்றதுண்டு. நாம் எழுந்து நின்றதில்லை.

இக்கட்டுரையை இவ்வாண்டு எழுதக் காரணம் ஒன்று உண்டு. அதையும் மறைக்க வேண்டியதில்லை. பள்ளிபாளையம், குமாரபாளையம், ஈரோடு எங்கும் விசைத்தறிக் கூடங்களிலும் நூற்பாலைகளிலும் வடநாட்டுத் தொழிலாளர் பலர் இப்போது வேலை செய்கின்றனர். பீகாரிலிருந்தும், ஒரிஸாவிலிருந்தும், கான் சாகிப் பிறந்த உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வருகின்றனர். அவர்களைக் குறிக்க நம்மவர் வழங்கும் சொற்கள் சிலவற்றை இம்மலரில் அச்சிடுவதற்கில்லை. கற்ற மாணவரும் அச்சொற்களை வழங்கக் கேட்டிருக்கிறோம். கூலி குறைவு, வேலைப் போட்டி முதலிய வழக்குகள் தனி. அவற்றை விவகாரமாகவே பேசித் தீர்க்கவேண்டும். எம்மை வருத்துவது வேறு. இரவு பணி முறை முடிந்து அவர்களுள் ஒருவன் தறிக்கூடத்து வாசலில் அமர்ந்து கைத்தொலைபேசியில் தன் ஊர்ப் பாட்டைக் கேட்கிறான். தெருவில் போகும் நாம் அதனை இரைச்சல் என்கிறோம். அவன் கேட்பது பெரும்பாலும் சினிமாப் பாட்டுத்தான், தும்ரியன்று. அதனால் என்ன? நம் வீட்டு வானொலியில் எந்நேரமும் ஆலாபனையா நடக்கிறது?

ஆதலின் நம் கல்லூரித் தலைவரவர்களுக்கும் இசைக் கழகத்தார்க்கும் ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணி நேரம், கேட்கும் கூட்டம் ஒன்று நடத்துக. பாடுவோர் வேண்டியதில்லை, பக்கவாத்தியம் வேண்டியதில்லை, பணச் செலவும் இல்லை. ஒரு காலத்தில் கிராமபோன் பெட்டியும் தட்டுக்களும் செல்வர் வீட்டுப் பொருளாக இருந்தன. இன்று அதே தட்டுக்களின் ஒலி எவர் கைப்பேசியிலும் கிடைக்கிறது. ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துக்குச் சற்று மிகும். ஒரு மணியில் பதினைந்து பக்கங்கள் வரை கேட்டுவிடலாம். ராகப் பெயர்கள் முதலில் மயக்கும் என்பதை மட்டும் முன்பே சொல்லிவைக்கிறோம். அவர்களுடைய பைரவி நம் தோடியை ஒட்டியது. அவர்களுடைய தோடி நம் சுபபந்துவராளியை ஒட்டியது. மால்கௌன்ஸ் நம் ஹிந்தோளம். பூபாலி நம் மோஹனம். யமன் ஏறக்குறைய நம் கல்யாணி. வஸந்த் என்றால் நம் வஸந்தாவை எதிர்பார்க்கலாகாது. பெயரைக் கொண்டு தீர்ப்பிடாமல் செவியைக் கொண்டு பழகினால் இரண்டு மூன்று கூட்டங்களில் மயக்கம் தெளிந்துவிடும்.

வரிசையும் சொல்லிவிடுகிறோம். முதலில் கரஹரப்ரியா, அது நமக்குத் தெரிந்த கிருதியாதலின் வாயில் போல உதவும். அடுத்து ஜிஞ்ஜோட்டி, நம் செஞ்சுருட்டிக்கு உறவாகிய அதனை, பதினொரு வயதுச் சிறுவனை வீட்டைவிட்டு ஓடச் செய்த அந்தத் தட்டிலேயே கேட்கலாம். அதன்பின் பைரவித் தும்ரி. கயால்களை இரண்டாம் வாரத்துக்கு நிறுத்திவைக்கலாம். கூட்டத்துக்கு வெளியாரும் வரலாம் என்று வாயிற் பலகையில் எழுதி, அதன் கீழே ஹிந்தியிலும் ஒரு வரி எழுதுவித்தால் நன்று. எழுதித் தர ஆள் வேண்டுமாயின், பாலத்தடியிலுள்ள தறிக்கூடங்களில் கேட்டுப் பார்க்கலாம்.